காது திறவாமல் நாவு திறக்குமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் திண்டிவனத்தில் நம் மஹல்லாக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மதரஸாக் கூடத்தை ஒரு ஸ்போக்கன் இங்லிஷ் நிறுவனத்திற்கு விடவேண்டும், முப்பதே நாட்களில் நம் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைத்துவிடுவதாக அவர்கள் உறுதி தருகிறார்கள் என்றார் ஒரு சகோதரர். அவர் அமர்வதற்குள் எழுந்த மற்றொரு பெரியவர், குர்ஆன் ஓதும் கூடத்தில் ஆங்கிலம் நுழையவே கூடாது என்றார். குரல்கள் உயர்ந்தன. முத்தவல்லி அவர்கள் முடிவை அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைத்தார்கள்.

இரு தரப்பாரின் கவலையும் உண்மையானது. ஒருவருக்குப் பிள்ளைகளின் துன்யா பற்றிய கவலை. மற்றவருக்கு அவர்களின் தீன் பற்றிய கவலை. எனினும் இருவர் சொல்வதும் தவறு என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களை, இருபது ஆண்டுகளாக அதே கூடத்தில் ஓதிக்கொடுத்துவரும் அனுபவத்தை முன்வைத்து இங்கே எழுதுகிறோம். அடுத்த கூட்டத்திற்கு வருமுன் இதனைப் படித்துவிட்டு வருமாறு மஹல்லாவாசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

முப்பது நாள் வாக்குறுதி

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆங்கிலப் பேச்சை நிகண்டின் துணையின்றி, தடையின்றிக் கேட்டுப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலறிஞர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கணித்தார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது. இந்த 6,000த்தை முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 200 வருகிறது. நம் ஹிஃப்ழ் பிரிவில் மிகக் கூர்மையான பிள்ளைகூட நாளொன்றுக்கு ஒரு பக்கம் புதுப்பாடம் கொடுப்பதே அரிது. அப்படியிருக்க, எந்த உஸ்தாதும் செய்ய இயலாததை ஒரு நிறுவனம் மாலை ஒரு மணி நேரத்தில் செய்துமுடிக்கும் என்று நம்பிப் பணம் கட்டுகிறோம். ஆறு மாதத்தில் என் பிள்ளையை ஹாஃபிழாக்கித் தருகிறோம் என்று யாரேனும் துண்டறிக்கை அச்சிட்டால் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் நாம், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஏமாறுகிறோம்?

அந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கரும்பலகையில் காலங்களின் அட்டவணை. அச்சடித்த சொற்பட்டியல். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பத்து வாக்கியங்களின் மனனம். முப்பதாம் நாள் பிள்ளை மேடையேறி அந்தப் பத்து வாக்கியங்களையும் பிழையின்றிச் சொல்கிறது, பெற்றோர் கைதட்டுகின்றனர். பதினோராவது வாக்கியத்தை எவரேனும் அப்பிள்ளையிடம் கேட்டால் அது விழிக்கிறது. காரணம் எளிது. அதற்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார்கள், காதைத் திறக்கவில்லை.

ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணும் பெற்றோரும் இதே மயக்கத்தில்தான் இருக்கின்றனர். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர் அதைத் தமிழில் விளக்குகிறார். பிள்ளை விடையை ஆங்கிலத்தில் மனனம் செய்கிறது. பத்தாம் வகுப்பின் ஆங்கிலப் பொதுத்தேர்வு எழுத்துத்தேர்வு. மூன்று மணி நேரமும் வேலை கைக்குத்தான். 14 முதல் 18 வயது வரையுள்ள ஊரகப் பிள்ளைகளிடம் இந்திய அளவில் 2023இல் நடத்தப்பட்ட ஏசர் கணக்கெடுப்பில், ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தோர் 57.3 விழுக்காட்டினர், அப்படிப் படித்தவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கே பொருள் சொல்ல முடிந்தது. இது கண்ணால் படித்ததன் நிலை. காதால் கேட்டதன் நிலை எவ்வாறிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கூடவே கூடாது என்போருக்கு

இனி, ஆங்கிலம் மதரஸாவின் வாசலைத் தாண்டக்கூடாது என்னும் பெரியவர்களுக்குப் பணிவுடன் சில சொற்கள்.

சீனம் சென்றேனும் கல்வி தேடுக என்னும் வாசகத்தை நம் பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடைகளில் எழுதித் தொங்கவிடுகிறோம். அது பலவீனமான அறிவிப்பு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியிருப்பதால் அதன்மேல் வாதத்தைக் கட்டவேண்டிய தேவை நமக்கில்லை. அதைவிட உறுதியான சான்று நம்மிடம் உண்டு. மதீனாவில் இளம்பருவத்தினராயிருந்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுவருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்று, வரும் கடிதங்களைப் படித்துக்காட்டவும் போகும் கடிதங்களை எழுதவும் தொடங்கினார் என்பது திர்மிதீ முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. சமுதாயத்தின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லும் நிலை கூடாது என்பதே அக்கட்டளையின் நோக்கம். அதே ஸைத் (ரலி) அவர்கள்தாம் பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனைத் திரட்டும் பொறுப்பை ஏற்றார்கள். அயல்மொழி கற்ற நாவு குர்ஆனுக்கு உதவாமற்போய்விடவில்லை.

இன்று நம் வீடுகளுக்கு வரும் கடிதங்கள் எவை? வங்கியின் கடன் ஒப்பந்தம், மருத்துவமனையின் அறுவைச்சிகிச்சை ஒப்புதல் படிவம், வளைகுடா நிறுவனத்தின் வேலை ஒப்பந்தம். இவற்றைப் பிறர் படித்துச் சொல்ல, நாம் கையொப்பமிடுகிறோம். ஏமாந்தபின் அழுகிறோம்.

தியோபந்த் தாருல் உலூம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிவிப்பைச் சிலர் சான்றாகக் காட்டுகின்றனர். அங்கே ஓதும் மாணவர்கள் படிப்புக் காலத்தில் ஆங்கிலம் முதலிய பிற படிப்புகளில் ஈடுபடக்கூடாது என்று அவ்வறிவிப்பு கூறியது உண்மை. ஆங்கிலத்திற்கு நாங்கள் எதிரிகள் அல்லர், எங்களிடமே அதற்குத் தனித்துறை உண்டு, மாணவரின் கவனம் சிதறுவதையே தடுக்கிறோம் என்று நிர்வாகம் பின்னர் விளக்கமளித்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். கவனம் சிதறும் என்னும் அச்சத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால் நம் மக்தப் பிள்ளைகள் முழுநேர ஆலிம் மாணவர்கள் அல்லர். காலையில் ஒரு மணி நேரம் நம்மிடம் ஓதிவிட்டுப் பகல் முழுதும் பள்ளியில் இருப்பவர்கள். ஆங்கிலம் அவர்களிடம் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. முறையாக நுழையவில்லை என்பதே குறை.

மொழிகள் வேறுபட்டிருப்பதே தன் அத்தாட்சிகளுள் ஒன்று என்று அல்லாஹ் கூறுகிறான் (30:22). அவ்வத்தாட்சிகளில் ஆங்கிலத்தை மட்டும் விலக்கிவைக்கும் அதிகாரம் நமக்கில்லை.

நம் கையில் உள்ள குற்றம்

பிறரைக் குறைசொல்வதற்குமுன் நம் பிழையையும் சொல்லிவிடுவது நீதி. சில ஆண்டுகளுக்குமுன் நம்மிடம் ஹிஃப்ழ் முடித்த ஒரு மாணவர், தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதித் தேறி, கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தார். நல்ல அறிவாளி. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒருநாள் நம்மிடம் வந்து நின்றார். “ஹஜ்ரத், அவங்க பேசுறது காதுல விழுது. ஆனா ஒண்ணுமே நிக்கல” என்றார். நாம் பொறுமையாக இருக்கச் சொன்னோம், துஆ செய்தோம், அனுப்பிவைத்தோம். அதற்குமேல் என்ன செய்யவேண்டும் என்று நமக்குத் தெரியவில்லை. அவர் படிப்பை விட்டுவிட்டார். இன்று ஒரு கைபேசிக் கடையில் ஹலாலான உழைப்பில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அவர் கேட்ட உதவி நம் கூடத்திலேயே இருந்தது என்பதும், நாம் அதைக் காணவில்லை என்பதும் இன்றளவும் நம்மை உறுத்துகின்றன. முப்பது ஜுஸ்உகளையும் கேட்டுக்கேட்டே நெஞ்சில் ஏற்றிய காது அது. அந்தக் காதுக்கு ஆங்கிலத்தைக் கேட்கும் வழியை எவரும் காட்டவில்லை.

ரயில் நிலையத்தில் ஒரு பாடம்

விழுப்புரம் சந்திப்பில் அடிக்கடி ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நாம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி எனப் பல திசைகளுக்கும் பாதை பிரியும் அந்நிலையத்தில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தமிழில் தொடங்கும் அதே செய்தி இந்தியிலும் ஆங்கிலத்திலும் திரும்ப வருகிறது. வண்டி எண், பெயர், எங்கிருந்து எங்கே, எந்த நடைமேடை: இவ்வளவுதான் செய்தி. தமிழில் கேட்டுவிட்டமையால் பொருள் முன்னமே தெரியும். ஆங்கிலத்தில் அது எப்படி ஒலிக்கிறது என்று கவனித்தால் போதும்.

ஒருநாள் நம்முடன் நின்ற இளைஞர் ஒருவரை, பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவரை, வைகை விரைவு வண்டியின் ஆங்கில அறிவிப்பைக் கேட்டுத் திரும்பச் சொல்லுமாறு கேட்டோம். எண்ணில் ‘ஒன் டூ’ வரை பிடித்தார். ‘சிக்ஸ் த்ரீ ஃபைவ்’ கைநழுவியது. எழுதிக்காட்டினால் ஒரு நொடியில் படித்துவிடுவார். அவர் வாழ்நாளில் அந்த அறிவிப்பை நூறு முறையாவது கேட்டிருப்பார், ஒருமுறைகூடச் செவிசாய்த்ததில்லை. செவியில் விழுவது வேறு, செவிசாய்ப்பது வேறு. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி, வாய்மூடி இருக்குமாறு அல்லாஹ் கட்டளையிடும் இடத்தில் (7:204) இரண்டையும் தனித்தனியே சொல்வதை ஓதத் தெரிந்த எவரும் அறிவர்.

அதற்கு மறுவாரம் முதல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை ஒரு விளையாட்டாக்கினோம். ஆங்கில அறிவிப்பு முடிந்ததும் வண்டி எண்ணையும் நடைமேடையையும் யார் முதலில் சொல்வது என்று போட்டி. நான்கைந்து பயணங்களுக்குப்பின் எண்கள் பிடிபட்டன. பிறகு ஊர்ப்பெயர்களுக்கு இடையிலுள்ள சிறு சொற்களும் பிடிபட்டன. ஒரு காசு செலவில்லை.

நம் முன்னோர் அயல்மொழிகளைக் கற்றதும் இவ்வழியில்தான். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து கப்பலேறி இந்தோசீனா சென்ற தமிழ் முஸ்லிம்கள், 1935இல் சைகோன் நகரின் நடுவே பள்ளிவாசல் கட்டும் அளவுக்கு அங்கே வேரூன்றினர். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்தவர்கள் எந்த இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினார்கள்? வாங்க வந்தவரின் வாயைப் பார்த்தார்கள்; காது கொடுத்தார்கள்; பிழையோடு பேசினார்கள்; வியாபாரமும் செய்தார்கள்.

மக்தப் பிள்ளையின் கைமுதல்

இப்போது நம் வாதத்தின் மையத்திற்கு வருகிறோம். ஆங்கிலத்தைக் கேட்டறிவதில் தமிழ்ப்பிள்ளைகளுக்கு உள்ள தடைகளில் பாதியை நம் மக்தபுகள் ஏற்கெனவே நீக்கிவிட்டன. இது மிகையன்று.

தமிழ் எழுத்தில் ஸ என்னும் ஒலிக்கும், நாக்கின் நுனியைப் பல்விளிம்பில் வைத்து ஊதும் ஒலிக்கும் தனித்தனி அடையாளமில்லை. ஆகவே ‘திங்க்’ என்பதும் ‘சிங்க்’ என்பதும் பல பிள்ளைகளின் காதில் குழம்புகின்றன. நம் பிள்ளையோ மூன்று புள்ளி ‘ஸா’வையும் ‘ஸீனை’யும் பிரித்து ஓதாவிட்டால் உஸ்தாத் விடமாட்டார். அந்த மூன்று புள்ளி எழுத்தின் மக்ரஜே ‘திங்க்’ என்னும் சொல்லின் முதலொலி. புள்ளி வைத்த ‘தால்’ எழுத்தின் மக்ரஜே ‘திஸ்’ என்னும் சொல்லின் முதலொலி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘ஜூ’ என்று சொல்லும் மிருகக்காட்சிசாலையின் முதலொலியைப் புள்ளி வைத்த ‘ரா’வாக நம் பிள்ளை ஐந்து வயதிலேயே அறியும். ‘ஃபா’வையும் ‘ஷீனை’யும் சொல்லவே வேண்டியதில்லை. அரபியில் இல்லாத ‘ப’வின் வல்லொலியும் ‘வ’வின் உதடு-பல் ஒலியும் மட்டுமே புதிதாகப் பழகவேண்டியவை, முதலாவது தமிழிலேயே உண்டு.

எழுத்து ஒன்றாகவும் ஒலிப்பு வேறாகவும் இருப்பதைக் கண்டு பிற பிள்ளைகள் அஞ்சுகின்றனர். தஜ்வீத் படித்த பிள்ளைக்கு அதில் வியப்பென்ன? சுக்கூன் பெற்ற நூனுக்குப்பின் ‘பா’ வந்தால் நூன் மீமாக மாறும் என்னும் இக்லாபு சட்டத்தை அது அறியும்; ‘மின் பஅதி’ என்று எழுதியிருப்பதை ‘மிம் பஅதி’ என்று ஓதும். ஆங்கிலேயர் ‘டென் பாய்ஸ்’ என்பதை விரைந்து பேசும்போது ‘டெம் பாய்ஸ்’ என்கின்றனர். ‘ஹேண்ட்பேக்’ அவர்கள் வாயில் ‘ஹேம்பேக்’ ஆகிறது. ஒரே சட்டம்! ‘இஸ் ஷீ’ என்பது ‘இஷ் ஷீ’ ஆவது இத்காமை ஒத்தது. ‘நெக்ஸ்ட் டே’ என்பதில் ஒரு மெய் மறைந்துவிடுகிறது. ‘கம்ஃபர்டபிள்’ என்று எழுத்தெண்ணிப் படித்த பிள்ளை, ‘கம்ஃப்டபிள்’ என்று காதில் விழும்போது அது வேறு சொல்லென்று நினைக்கிறது. சொல் தெரியாமையன்று சிக்கல். அச்சொல்லின் ஒலி தெரியாமைதான். இதனை விளக்கத் தஜ்வீத் கற்ற உஸ்தாதைவிடத் தகுதியானவர் யார்?

குர்ஆனை நாம் எழுத்திலிருந்து கற்பதில்லை. உஸ்தாதின் வாயிலிருந்து கற்கிறோம். வஹீ இறங்கும்போது அவசரப்பட்டு நாவை அசைக்கவேண்டாம், ஓதப்படுவதை முதலில் பின்தொடர்க என்று நபி (ஸல்) அவர்களுக்கே அறிவுறுத்தப்பட்டது (75:16-18). அந்த வசனங்களிலிருந்து ஓர் ஆசிரியன் எடுத்துக்கொள்ளக்கூடிய படிப்பினை ஒன்றுண்டு: முதலில் கேள், பிறகு சொல். குர்ஆன் இறங்கியதே தம்மீதாயிருந்தும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச்சொல்லி நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் என்னும் புகாரீயின் அறிவிப்பை நாம் அனைவரும் அறிவோம். மனிதன் ஒன்றுமறியாதவனாகத் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்ததைச் சொல்லி, அவனுக்கு அளித்த கருவிகளை அல்லாஹ் எண்ணும்போது (16:78) செவியே முதலில் நிற்கிறது.

சொற்களைச் சேர்ப்பது எப்படி?

அடுத்தது சொல்வளம். நிகண்டை அ முதல் மனனம் செய்யச்சொல்லும் கொடுமையை நிறுத்தவேண்டும். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காளப் பிள்ளைகளின் தடுமாற்றத்தை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட் என்பவர், 1953இல் அடிக்கடி வழங்கும் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டார். சாதாரண உரைநடையில் ஐந்தில் நான்கு பங்குச் சொற்கள் இந்த வட்டத்திற்குள் அடங்கும். அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் கற்போருக்கென்று தொடங்கிய ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்டே, மெதுவான நடையில், உலகச் செய்திகள் முழுவதையும் சொல்லிவந்தது. எஞ்சியவை வேண்டாதவை என்பதன்று இதன் பொருள். தொடங்குமிடம் இதுவே என்பதாகும்.

நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். ஆண்டில் முந்நூறு நாட்கள் என்று கொண்டால் 1,500 சொற்கள். பதினாறு மாதங்களில் 2,000. சுமார் 77,000 சொற்களும் 6,236 வசனங்களும் கொண்ட குர்ஆனை மூன்று நான்கு ஆண்டுகளில் மனனம் செய்யும் பிள்ளைகள் நிறைந்த சமுதாயத்தில், இது முடியாது என்று எவரும் சொல்லலாகாது.

கற்றதை மறப்பதுதான் சிக்கல் என்பீர்கள். புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மறைந்துவிடுகிறது, உரிய இடைவெளியில் மீண்டும் படித்தால் நிலைக்கிறது என்று ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி எழுதினார். கட்டிய ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவக்கூடியது, ஆதலால் அதைப் பேணி ஓதிவாருங்கள் என்னும் கருத்துடைய நபிமொழியை நம் ஹிஃப்ழ் பிள்ளைகள் எபிங்ஹவுஸின் பெயரைக் கேளாமலேயே அறிவர். இன்றைய பாடம் ஸபக். அண்மையில் ஓதிய பாடங்களின் மீள்பார்வை ஸபக்கீ. முன்பு முடித்த ஜுஸ்உகளின் சுழற்சி மன்ஸில். இம்மூன்றையும் சொற்களுக்குச் செய்தால் போதும். இன்று ஐந்து புதிய சொற்கள், இந்த வாரத்தில் கற்ற முப்பது, சென்ற மாதக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கம்.

சொற்களைத் தனித்தனியே பிடிக்காமல் குடும்பமாகப் பிடிக்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கிதாப், காதிப், மக்தப், மக்தூப் ஆகியவை ஒரே வேரின் கிளைகள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ‘இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட்’ ஆகியவற்றில் சுமத்தல் என்னும் பொருள் பொதுவாக நிற்பதைக் காட்டினால் அவர்கள் கண்கள் விரிகின்றன. ‘அல்ஜீப்ரா’வில் அல்-ஜப்ரும், ‘காட்ட’னில் குத்னும், ‘ஸீரோ’வில் ஸிஃப்ரும் இருப்பதைச் சொன்னால், ஆங்கிலம் முற்றிலும் அந்நியம் என்னும் அச்சம் அகன்றுவிடுகிறது.

நாம் முன்வைப்பது

ஆகவே மஹல்லாவின் முன் நம் கோரிக்கை இது. கூடத்தை எந்த நிறுவனத்திற்கும் விடவேண்டாம். ஆங்கிலத்தைத் துரத்தவும் வேண்டாம். அஸருக்குப்பின் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள், கட்டணமின்றி, நம் பிள்ளைகளுக்கு நாமே கேட்கும் வகுப்பு நடத்துவோம். பட்டப்படிப்பு முடித்த இளைஞர்களும் ஆசிரியப் பணியிலிருக்கும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். முறைவைத்து வந்தால் போதும். தேவையானவை ஓர் ஒலிபெருக்கி, ஒரு கரும்பலகை, பிள்ளைக்கு ஒரு குறிப்பேடு. கைபேசி ஆசிரியரிடம் மட்டும் இருக்கும். பிள்ளைகளுக்குத் திரை தேவையில்லை, ஒலி போதும். கைபேசி கையில் ஏறினால் கெட்டுவிடுவார்கள் என்னும் கவலைக்கும் இதுவே விடை.

ஒரு நாளின் பாடம் இப்படி அமையும். ஒரு நிமிடத்திற்கு மேற்படாத ஒலித்துண்டு. முதலில் எழுத்தைக் காட்டாமல் மூன்று முறை கேட்கவேண்டும். பிடிபட்ட சொற்களை மட்டும் பிள்ளைகள் சொல்லட்டும். பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை. எந்த இடத்தில் ஒலி மாறியது, எது மறைந்தது என்று விரல்வைத்துக் காணட்டும். அடுத்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டபடியே திரும்பச் சொல்லட்டும், உஸ்தாதுக்குப்பின் ஓதுவதைப்போல. கடைசியாக மூன்று வாக்கியங்களைக் கேட்டெழுதட்டும். அந்தத் துண்டிலிருந்தே ஐந்து சொற்கள் குறிப்பேட்டில் ஏறட்டும். மறுநாள் பழைய பாடம் ஒப்பித்தபின்னரே புதியது.

எதைக் கேட்பது என்பதற்கும் வழியுண்டு. முன்பே அறிந்த செய்தியே தொடக்கநிலையில் எளிதில் புரியும். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் தமிழில் அறிவர். அதையே எளிய ஆங்கிலத்தில் கேட்கட்டும். முன்னேறிய மாணவர்களுக்கு, மர்மடியூக் பிக்தால் ஹைதராபாத் நிஜாமின் பணியில் இருந்தபோது 1930இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும், பம்பாயில் பிறந்த அப்துல்லாஹ் யூஸுஃப் அலீயின் மொழிபெயர்ப்பும் இருக்கின்றன. அவற்றின் நடை பழையது, ஆகவே ஆசிரியரின் துணை வேண்டும். இவற்றோடு வானொலியின் ஆங்கிலச் செய்தியும், கற்போருக்கென்று பிபிசி வழங்கும் ஆறு நிமிட உரையாடல்களும் உண்டு. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல் பகுதிக்கு மட்டும் நாற்பது வினாக்கள். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். வெளிநாட்டில் செவிலியர் பணிக்கும் மேற்படிப்புக்கும் ஆசைப்படும் நம் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் அங்கே சறுக்காமலிருக்க வேண்டுமானால், பன்னிரண்டு வயதில் தொடங்கவேண்டும். விண்ணப்பிக்கும் மாதத்தில் அன்று.

பெண்பிள்ளைகளைச் சேர்த்தே சொல்கிறோம். அவர்களுக்குத் தனிநேரம் ஒதுக்கி, சகோதரிகளே நடத்தட்டும். நாளை குழந்தையை இடுப்பில் சுமந்து மருத்துவரின் முன் நிற்பவள் அவள். மருத்துவரும் செவிலியரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது தன் குழந்தையைப் பற்றித்தான் என்று அறிந்தும், என்னவென்று அறியாமல் முகம் பார்த்து நிற்கும் தாய்மார்களை நாம் கண்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

பிள்ளை ஆங்கிலத்தில் பிழையாக ஒரு வாக்கியம் சொன்னால் உறவினர் முன் சிரிக்காதீர்கள். ஓதும்போது திக்கித் திணறுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்று சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றுகிறவர்கள் நாம். அந்தக் கூலி குர்ஆனுக்கு உரியது; ஆனால் அதில் நாம் காணும் பரிவை ஆங்கிலப் பாடத்தில் மட்டும் ஏன் மறக்கிறோம்? கேலிக்கு அஞ்சி மூடிய வாய் பிறகு திறப்பதில்லை.

தமிழைக் கைவிடாதீர்கள். வீட்டில் அத்தா என்பதை ‘டாடி’ ஆக்கிவிட்டால் ஆங்கிலம் வந்துவிடாது. தமிழில் கதை கேட்டு வளராத பிள்ளைக்கு எந்த மொழியிலும் கேட்கும் பொறுமை வராது. மார்க்கத்தைத் தம் மக்களின் மொழியிலேயே கற்பிக்க அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையையே உருவாக்கியவர்கள் நம் முன்னோர். தாய்மொழியில் கால் ஊன்றியே பிறமொழிக்குக் கை நீட்டினார்கள்.

பணம் உள்ளவர்கள் தங்கள் பிள்ளையை எங்கேனும் அனுப்பிப் படிக்கவைத்துவிடுவார்கள். கூலிவேலைக்குப் போகும் அத்தாவின் பிள்ளைக்கு நம் கூடத்தைவிட்டால் வேறு இடமில்லை. அடுத்த கூட்டத்தில் நாம் எடுக்கப்போகும் முடிவு அந்தப் பிள்ளையைப் பற்றியது. படிப்பை இடையில் விட்டு வந்து நம் முன் நின்ற அந்த மாணவரைப் போல் இன்னொருவர் வந்து நிற்கும்போது, பொறுமையாயிரு என்று மட்டும் சொல்லி அனுப்பும் நிலையில் நாம் இருக்கக்கூடாது.

செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படும் (17:36). நம் செவிகளைப் பற்றி மட்டுமன்று, நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளின் செவிகளை என்ன செய்தோம் என்பதற்கும் விடைசொல்ல ஆயத்தமாவோம். பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் அதிகப்படுத்தித் தருவானாக. நாவின் முடிச்சை அவிழ்க்கக் கேட்ட மூஸா (அலை) அவர்களின் துஆவை ஏற்றவன், நம் பிள்ளைகளின் நாவையும் நலத்திற்காகத் திறப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.